கெண்டி ஏந்தியவர் சொன்ன சரித்திரம்

ஒருவருடைய வாழ்க்கையை எழுதப் புகுவோர் முதலில் எதனைக் கேட்கின்றனர் என்பதைக் கொண்டே அவ்வெழுத்து எத்தகையதாய் அமையும் என்று சொல்லி விடலாம். பிறந்த ஆண்டு, பெற்றோர் பெயர், கற்ற இடம், வகித்த பதவி, வழங்கிய நன்கொடை, மறைந்த நாள் ஆகியவற்றைக் கேட்டறிந்து வரிசையாகக் கோத்து, இடையிடையே ‘கொடை வள்ளல்’, ‘மார்க்கப் பற்றாளர்’, ‘பண்பின் சிகரம்’ என்னும் அடைமொழிகளைப் பதித்துவிட்டால் வாழ்க்கைக் குறிப்பு ஒன்று ஆயத்தமாகி விடுகிறது. நம் சமுதாயத்தில் வெளிவரும் விழா மலர்களையும் நினைவு மலர்களையும் புரட்டிப் பார்ப்போர் இதனை நன்கறிவர். ஒருவர் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரை அவ்விடத்தில் வைத்தாலும் கட்டுரைக்கு யாதொரு பழுதும் நேருவதில்லை. அவ்வாறு நேராமல் இருப்பதே அதன் பெரும் பழுது.

அம்மனிதர் தம் வீட்டுக் கொல்லையில் எந்த மரத்தை நட்டார்? எந்த உணவு அவருக்குப் பிறந்த ஊரை நினைவூட்டியது? எந்த நூலை ஏடு கிழியுமளவு படித்தார்? அவர் காலத்தில் புதிதாய் வந்த எந்தக் கருவி அவருடைய தொழிலையும் வீட்டையும் மாற்றியது? இவ்வினாக்களை நாம் கேட்பதில்லை. கேளாமலே சிலர் சொல்ல முற்பட்டாலும், சரித்திரத்தின் கண்ணியத்துக்கு இவை ஏலாதவை எனக் கருதி ஒதுக்கி விடுகிறோம். அவ்வாறு ஒதுக்குவது தவறு என்பதே இங்கு நம் வாதம். அதற்குச் சான்றாக நானூறு ஆண்டுகளுக்கு முன் முகலாய அரண்மனையில் நடைபெற்ற நினைவுத் திரட்டு முயற்சி ஒன்றை எடுத்துக் கொள்வோம். அதில் நாம் பின்பற்றத் தக்கதும் உண்டு. தவிர்க்கத் தக்கதும் உண்டு.

அக்பரின் ஆணை

1587-ஆம் ஆண்டையொட்டி, அக்பர் பாதுஷா தம் பாட்டனார் பாபரைப் பற்றியும் தந்தையார் ஹுமாயூனைப் பற்றியும் நினைவில் உள்ளவற்றை எழுதித் தருமாறு, அவர்களை நேரில் அறிந்து அந்நாளில் எஞ்சியிருந்தோருக்கு ஆணையிட்டார். அபுல் ஃபஸ்ல் எழுதவிருந்த ‘அக்பர் நாமா’ எனும் பெருவரலாற்றுக்கு மூலச்செய்திகள் திரட்டுவதே நோக்கம். அவ்வாணைக்கு விடையாக வந்தவற்றுள் மூன்று நூல்கள் இன்று நம் கைக்குக் கிடைக்கின்றன.

ஒன்று, பாபரின் மகளாரும் அக்பரின் அத்தையுமான குல்பதன் பேகம் எழுதியது. அப்பொழுது அவர் வயது அறுபதைக் கடந்திருந்தது. இரண்டாவது, ஹுமாயூனுக்குக் கை கழுவவும் ஒளுச் செய்யவும் நீர் வார்க்கும் கெண்டியை ஏந்தி நின்ற ‘ஆஃப்தாப்சி’யான ஜவ்ஹர் என்பவர் எழுதியது. மூன்றாவது, அரண்மனைச் சமையற்கட்டின் மேற்பார்வையாளராயிருந்த பாயஸீத் பயாத், தம் முதுமையில் வாய்மொழியாகச் சொல்ல, அபுல் ஃபஸ்லின் எழுத்தர் ஒருவர் எழுதிக் கொண்டது.

ஒரு பேரரசின் வரலாற்றுக்கு அந்தப்புரத்து மூதாட்டி ஒருவர், கெண்டி ஏந்தியவர் ஒருவர், சமையற்கட்டைக் கவனித்தவர் ஒருவர் ஆகியோரிடம் சாட்சியம் கேட்கப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தளபதிகளும் அமைச்சர்களும் இருக்க இவர்களையும் கேட்க வேண்டும் என்று தோன்றியதே ஒரு சிறப்பு. எழுத்து வாசனையை விடக் கேள்வி ஞானத்தையே பெரிதும் உடையவராய், நாள்தோறும் பிறரைப் படிக்கச் சொல்லி நூல்களைக் கேட்டு வந்தவர் அக்பர். வாய்மொழியின் மதிப்பை அவர் அறிந்திருந்ததில் வியப்பில்லை.

பாட்டனார் காட்டிய வழி

இம்மூவருக்கும் முன்னோடியாய் நிற்பவர் பாபரே. துருக்கி மொழியில் அவர் எழுதிய தன்வரலாற்றை, 1589-இல் அப்துர் ரஹீம் கானெகானான் பாரசீகத்தில் பெயர்த்து அக்பரிடம் அளித்தார். படையெடுப்புகள் நிறைந்த அந்நூலில் நம் நெஞ்சில் தங்குபவை படையெடுப்புகள் மட்டுமா? நமக்குத் தங்கியவற்றைச் சொல்கிறோம்.

காபூலுக்குக் கீழ்த்திசையில் தாம் அமைத்த ‘பாகே வஃபா’ என்னும் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது, லாகூரை வென்ற ஆண்டில் அங்கிருந்து வாழைக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டதையும் அவை செழித்ததையும் பாபர் குறிக்கிறார். அதற்கு முந்திய ஆண்டு நட்ட கரும்பும் நன்கு வளர்ந்தமையால், அதில் ஒரு பகுதியைப் புகாராவுக்கும் பதக்‌ஷானுக்கும் அனுப்பி வைத்தாராம். நாடு பிடிக்கச் சென்றவர் திரும்பும்போது வாழைக்கன்றோடு திரும்புகிறார்! இந்த ஒரு செய்தி அம்மனிதரைப் பற்றிச் சொல்வதை எத்தனை பட்டங்கள் சொல்லிவிட முடியும்?

உணவின் வழியே அவர் உள்ளம் திறக்கும் இடம் மேலும் உருக்கமானது. இந்துஸ்தானத்தில் நல்ல திராட்சையில்லை, முலாம்பழமில்லை, பனிக்கட்டியில்லை என்று குறைபட்டுக் கொண்ட அதே பாபர், 1529-இல் காபூலில் இருந்த தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தமக்குக் கொண்டுவரப்பட்ட முலாம்பழம் ஒன்றை அறுத்து உண்டபோது கண்ணீர் பெருகியதைச் சொல்கிறார். பானிப்பட்டில் வென்றவர் ஒரு பழத்தின் முன் தோற்றார். பிறந்த மண்ணைப் பிரிந்து பிழைக்கச் சென்ற எவருக்கும் இக்கண்ணீரின் பொருள் விளங்கும்.

கருவியும் அவர் நூலில் வெறும் கருவியாக நிற்பதில்லை. 1526-இல் ஆக்ராவில் உஸ்தாத் அலீ குலீ பெரும் பீரங்கி ஒன்றை வார்த்த காட்சியை அவர் நேரில் கண்டு எழுதியுள்ளார். அச்சினைச் சுற்றி எட்டு உலைகள். ஒவ்வோர் உலையிலிருந்தும் உருகிய உலோகம் வாய்க்கால் வழியே பாய்ந்து வருகிறது. அச்சு நிறையுமுன் ஓட்டம் நின்றுவிட, அலீ குலீ நாணமும் வேதனையும் மேலிட்டு அவ்வுருகிய உலோகத்திலேயே பாய்ந்து விடுவாரோ என்னும் நிலை. பாபர் அவரைத் தேற்றி, மேலாடை போர்த்திக் கண்ணியப்படுத்துகிறார். ஓரிரு நாளில் அச்சு ஆறித் திறந்து பார்த்தபோது குழல் பழுதின்றி இருந்தது. குறையாய் நின்ற மருந்தறையைப் பிறகு வார்த்துச் சேர்ப்பது எளிதாயிற்று. ஒரு தொழில் வல்லுநரின் மானம் எங்கே இருக்கிறது என்பதைப் பீரங்கியின் எடையைக் கூறும் குறிப்பு நமக்குச் சொல்லாது.

நூல்களிடத்தில் அவர் கொண்ட பற்றும் அவ்வாறே வெளிப்படுகிறது. 1526-இன் தொடக்கத்தில் மில்வத் கோட்டை வீழ்ந்தவுடன், அங்கிருந்த காஸிகானின் நூலகத்தினுள் சென்று பார்த்து, நல்ல நூல்கள் சிலவற்றை ஹுமாயூனுக்குக் கொடுத்துச் சிலவற்றைக் காம்ரானுக்கு அனுப்புகிறார். முதலில் தோன்றிய அளவுக்கு அரிய நூல்கள் அங்கு இல்லை என்ற ஏமாற்றத்தையும் மறைக்கவில்லை. 1529-இல் கூடாரத்தைப் புயல் சாய்த்தபோது, அவர் எழுதிக் கொண்டிருந்த ஏடுகள் நனைந்து போயின. அவற்றைப் பொறுக்கியெடுத்துக் கம்பளி விரிப்பில் சுற்றிக் காத்து, பின்னர் தீ மூட்டி விடியும் வரை உலர்த்திக் கொண்டிருந்தார் பாதுஷா. தம் நினைவின் ஏடுகளுக்காகக் கண்விழித்த அந்த இரவு, தன்வரலாறு எழுதுவோர் அனைவரும் நினைவிற்கொள்ளத் தக்கது.

அத்தையார் எழுதியது

இனிக் குல்பதன் பேகத்தின் நூலுக்கு வருவோம். தந்தையார் மறைந்தபோது தமக்கு எட்டு வயது. ஆகவே அதிகம் நினைவில்லாமற் போகலாம் என்று தொடக்கத்திலேயே ஒளிவின்றிச் சொல்லி விடுகிறார். இவ்வொப்புதலே நமக்கு அவர்மீது நம்பிக்கையை உண்டாக்குகிறது. அதன்பின் அவர் சொல்வன எல்லாம், சிறுமியின் கண்ணில் பட்டு அறுபதாண்டுக் காலம் அழியாமல் நின்றவை.

காபூலிலிருந்து ஆக்ராவுக்கு வந்த ஆறு வயதுச் சிறுமிக்கு வழியில் காலை உணவாக ஏறத்தாழ ஐம்பது ஆடுகள் வாட்டி வைக்கப்பட்டிருந்தன. ரொட்டியும் சர்பத்தும் பழங்களும் குவிந்திருந்தன. பிறகு தந்தையைக் காண்கிறாள். அவர் காலில் விழுகிறாள். அவர் வாரியெடுத்துச் சற்று நேரம் கையில் வைத்துக் கொள்கிறார். அப்பொழுது அடைந்த மகிழ்ச்சிக்கு மேலான மகிழ்ச்சியை எண்ணிப் பார்க்கவே முடியாது என்கிறார் அறுபது கடந்த அம்மூதாட்டி.

தோல்பூரில் பாறையைக் குடைந்து ஒரு தடாகம் அமைக்குமாறு பாபர் பணித்திருந்தார். வேலை முடிந்ததும் அதனை மதுவால் நிரப்புவேன் என்று முன்பு சொல்லி வந்தவர், ராணா சங்காவுடனான போருக்கு முன் மதுவைத் துறந்து விட்டமையால், எலுமிச்சைச் சர்பத்தால் நிரப்பினார் என்று குல்பதன் எழுதுகிறார். பாபரின் தவ்பாவைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். உடைத்தெறிந்த பொற்கிண்ணங்களையும் வெள்ளிக் கிண்ணங்களையும் பேசியுள்ளனர். ஆயினும் அத்துறவு நாள்தோறும் எவ்வாறு வாழப்பட்டது என்பதை அந்த எலுமிச்சைச் சர்பத் ஒன்றே காட்டுகிறது. அச்செய்தியைத் தந்தது ஒரு சிறுமியின் நினைவு.

சிக்ரியின் தோட்டத்து மண்டபத்தில் பாபர் அமர்ந்து தம் நூலை எழுதி வந்தார் என்பதையும் இவர் வாயிலாகவே அறிகிறோம். அப்பொழுது நிகழ்ந்த இன்னொன்றையும் உடன் சொல்கிறார். வளர்ப்புத் தாயார் மாஹம் பேகம் தொழுகைக்குச் சென்ற வேளையில், சிறுமி குல்பதன் அந்தப்புர மாதர் ஒருவரிடம் ‘என் கையைப் பிடித்து இழுங்கள்’ என்று விளையாட்டாய்ச் சொல்ல, அவர் இழுக்க, கை மூட்டுப் பிசகிவிட்டது. அழுகை. வில் செய்யும் கைவினைஞர் வரவழைக்கப்பட்டுக் கட்டுக் கட்டுகிறார். உலகம் போற்றும் தன்வரலாறு ஒன்று எழுதப்பட்ட இடத்துக்கு நமக்குள்ள சாட்சி, கை பிசகிய ஒரு குழந்தை. வலி இல்லாதிருந்தால் அவ்விடமும் நினைவில் தங்கியிருக்குமோ, என்னவோ!

ஆக்ராவின் ஸர்அஃப்‌ஷான் தோட்டத்தில் ஒருநாள், ஆட்சிச் சுமை அலுத்துவிட்டது என்றும், அரசை ஹுமாயூனிடம் ஒப்படைத்துவிட்டு இத்தோட்டத்திலேயே ஒதுங்கிவிட எண்ணுவதாகவும், பணிவிடைக்குக் கெண்டி ஏந்தும் தாஹிர் ஒருவர் போதுமென்றும் பாபர் கூறினாராம். குடும்பத்தார் கண்ணீர் வடித்தனர். தோட்டம், கெண்டி, ஓய்வு ஆகிய மூன்றையே ஒரு பேரரசர் வேண்டி நின்ற அந்த நொடியை அரசவை நடையில் எழுதுவது கடினம், மகள் எழுதினார்.

தாம் நேரில் காணாதவற்றை, கண்டவரிடம் கேட்டும் குல்பதன் எழுதுகிறார். ஹுமாயூன் நாடிழந்து பாரசீகம் நோக்கிப் பனியில் சென்றபோது சமைக்கப் பாத்திரமில்லாமல், அறுத்த குதிரையின் இறைச்சியில் ஒரு பகுதியைத் தலைக்கவசத்தில் வேகவைத்ததையும், மறுபகுதியைத் தீயில் வாட்டியதையும், பாதுஷா தம் கையாலேயே வாட்டி உண்டதையும் அவர் சொல்கிறார். அப்பயணத்தில் உடனிருந்தவர் ஹமீதா பானு பேகம். குல்பதனின் நெருங்கிய தோழியார். அதே ஹமீதா பானு, ஹுமாயூனை மணக்க நாற்பது நாள் இசையாதிருந்த செய்தியையும் குல்பதன் மறைக்கவில்லை. அக்பரின் ஆணைப்படி எழுதும் நூலில் அக்பரின் தாயார் திருமணத்துக்கு மறுத்ததை எழுதும் துணிவு அவருக்கு இருந்தது.

இந்நூலுக்குக் குறைகள் இல்லையா? உண்டு. நிகழ்ச்சிகள் ஆண்டு வரிசையில் முறையாய் நிற்பதில்லை. விருந்துக்கு வந்த மாதர்களின் பெயர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனால் அப்பட்டியல் இல்லையேல் அம்மாதரில் பலர் வாழ்ந்த சுவடே இல்லாமற் போயிருக்கும் என்பதையும் விமரிசகர் கருத வேண்டும்.

கெண்டியும் சமையற்கட்டும்

ஜவ்ஹரின் நூல் குல்பதனின் நூலினும் எளியது. அணிகள் இல்லை. பாதுஷாவின் கைக்கெட்டும் தூரத்தில் நின்றவர் கண்டவற்றைக் கண்டவாறு சொல்கிறார். 1542-இல் உமர்கோட்டில் அக்பர் பிறந்த செய்தி ஹுமாயூனுக்கு எட்டியபோது, மகிழ்ந்து வழங்குவதற்கு அவரிடம் யாதுமில்லை. முன்பு ஜவ்ஹரிடம் ஒப்படைத்திருந்ததைக் கொண்டு வரச் சொல்கிறார். நாணயங்களும் வெள்ளிக் கடகமும் கஸ்தூரிப் பை ஒன்றும் வருகின்றன. முன்னவற்றை உரியவரிடம் திருப்பித் தரச் செய்து, கஸ்தூரியை மட்டும் பீங்கான் தட்டில் உடைத்து எல்லோருக்கும் பகிர்ந்தளித்து, இம்மணம் போல் தம் மைந்தனின் புகழ் பரவுவதாக என்றாராம். பொருளைக் காத்துவைத்தவர் ஜவ்ஹர். ஆகவேதான் ஒவ்வொரு பொருளும் அவர் நினைவில் பெயரோடு நிற்கிறது.

நாடிழந்து திரிந்த நாட்களில் ஒருநாள் கூடாரத்தினுள் அழகிய பறவையொன்று பறந்து வந்ததையும், ஹுமாயூன் அதனைப் பிடித்து ஓவியரை அழைத்துப் படமெழுதச் செய்தபின் பறக்கவிட்டதையும் ஜவ்ஹர் சொல்கிறார். அரசு போன மனிதருக்கு அழகின் மீதிருந்த ஆசை போகவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. 1556-இல் அவர் டில்லியில் தம் நூலக மாடியின் படிகளில் தவறி விழுந்து மறைந்தார் என்னும் செய்தியை இதனோடு சேர்த்துப் படிக்கும்போது, ஒரு முழு மனிதர் நம் கண்முன் நிற்கிறார்.

பாயஸீதின் நூல் கரடுமுரடானது. சொல்லச் சொல்ல எழுதியது என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஹுமாயூனோடு வந்தோர் பெயர்களை அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். யார் யார் வந்தனர் என்ற கணக்குப் பந்திக்குப் பொறுப்பானவருக்கு இன்றியமையாததன்றோ? இந்நூலுக்கு ஒன்பது படிகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று குல்பதன் பேகத்தின் சொந்த நூலகத்துக்குச் சென்றது. சமையற்கட்டைக் கவனித்தவரின் நினைவை இளவரசியார் தம் நூலகத்தில் வைத்துக் கொண்டார் என்னும் இச்செய்தி நமக்கு ஆழ்ந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

திரட்டியோர் செய்த தவறு

இவ்வளவும் கேட்டறிந்த பின் அபுல் ஃபஸ்ல் எழுதிய ‘அக்பர் நாமா’ பெரும் நூல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அதன் மாட்சிமிக்க நடையில் கெண்டி ஏந்தியவரின் குரலும் மூதாட்டியின் குரலும் கரைந்து போகின்றன. உணவைப் பற்றி அவர் எழுதவில்லை என்று சொல்ல முடியாது. ‘ஆயினெ அக்பரி’யில் அரண்மனைச் சமையலுக்குத் தனிப் பகுதியே உண்டு. ஸர்த் பிரிஞ்ச் எனும் மஞ்சட்சோற்றுக்கு 10 சேர் அரிசி, 5 சேர் கற்கண்டு, 3½ சேர் நெய் என்று அளவு கொடுக்கிறார். திராட்சை, பாதாம், பிஸ்தா வகைக்கு அரை சேர் என்றும் குறிக்கிறார். அளவு துல்லியமாய் இருக்கிறது. சமைத்தவர் யார், உண்டு மகிழ்ந்தவர் யார், அதனை உண்ணும்போது எவர் எந்த ஊரை நினைத்துக் கண் கலங்கினார் என்பது அங்கில்லை. பாபரின் முலாம்பழத்துக்கு எடை கூறப்படவில்லை. நமக்கு அது வேண்டியதாகவும் இல்லை. அளவும் வேண்டும், ஆளும் வேண்டும் என்பதே நம் கருத்து.

இதனினும் பெரிய தவறு கேட்ட கேள்வியிலேயே இருக்கிறது. பாபரைப் பற்றியும் ஹுமாயூனைப் பற்றியும் சொல்லுமாறு குல்பதனைக் கேட்டனர். குல்பதனைப் பற்றிச் சொல்லுமாறு எவரும் கேட்கவில்லை. 1575-இல் அரண்மனை மாதர் குழுவோடு புறப்பட்டு, சூரத்தில் கப்பலேறி, மூன்றாண்டுகளுக்கும் மேலாக ஹிஜாஸில் தங்கி, நான்கு முறை ஹஜ்ஜை நிறைவேற்றி, திரும்பும் வழியில் ஏடன் கரையில் கப்பல் உடைந்து அங்கே நெடுநாள் தங்க நேர்ந்து, 1582-இல் ஃபதேபூர் சிக்ரிக்கு வந்து சேர்ந்தவர் அவர். கடலையும் பாலையையும் கண்ட அம்மூதாட்டி அப்பயணத்தைப் பற்றி எழுதிய ஒரு வரியும் நமக்குக் கிடைக்கவில்லை. ஏடனில் என்ன உண்டனர்? உடைந்த கப்பலிலிருந்து எதனைக் காப்பாற்றினர்? மக்காவில் எந்த நூலைப் படித்தனர்? ஆணையிட்டவர் அரண்மனையிலேயே இருந்தார். சொல்லக் கூடியவரும் அருகிலேயே இருந்தார். கேட்கப்படவில்லை. பாயஸீதோ, கேட்ட கேள்வியோடு நில்லாமல் தம் சொந்த ஹஜ்ஜுப் பயணத்தையும் சேர்த்துச் சொல்லி வைத்தார். அந்த ‘வரம்பு மீறல்’ இன்று நமக்குச் செல்வமாய் இருக்கிறது.

கிடைத்த நூலும் முழுமையாய்க் கிடைக்கவில்லை. குல்பதனின் நூலுக்கு எஞ்சியதாக அறியப்படுவது ஒரே பிரதி. அதுவும் காம்ரான் கண்ணிழந்த நிகழ்ச்சியோடு சட்டென முறிந்து விடுகிறது. ஆங்கிலப் படையதிகாரி ஒருவர் சேகரித்த ஏடுகளோடு 1868-இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தை அடைந்த அதனை, அனெட் பெவரிட்ஜ் அம்மையார் ஆங்கிலத்தில் பெயர்த்து 1902-இல் வெளியிட்டார். அந்த ஒரு பிரதியும் கறையானுக்கு இரையாகியிருப்பின், எலுமிச்சைச் சர்பத்தும் இல்லை, கை பிசகிய சிறுமியும் இல்லை.

நம் மரபு சொல்வது

சிறு செய்திகளைப் போற்றுவது நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலையின் மாட்சியை இங்கு நினைவூட்ட விரும்புகிறோம். அதனை அரசர்களின் கதைகளோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், அண்ணலார் சுரைக்காயை விரும்பி உண்டதைக் கண்டு சொன்னார்கள். வீட்டில் மாதக் கணக்கில் அடுப்பு எரியாமல் பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவாயிருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள். கேட்டோர் இவற்றைச் சில்லறை என்று தள்ளவில்லை. சொன்னவர் பெயர், அவரிடமிருந்து கேட்டவர் பெயர் என்னும் சங்கிலி அறாமல் காத்தனர். இத்தகைய மரபில் வந்த நாம், நம் வீட்டு மூத்தோரைப் பற்றி எழுதும்போது மட்டும் அடைமொழிகளோடு நின்றுவிடுவது எவ்வகையில் பொருந்தும்?

பிறரைக் குறைகூறும் நாமே இக்குற்றத்தைச் செய்தவர்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் கடற்கரையூர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றி நினைவு மலர் ஒன்றுக்கு எழுதும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. பினாங்கில் வணிகம் செய்த சபுராளி அவர். திரைக்கு அப்பாலிருந்து அவர் மனைவியார் நமக்குச் சில செய்திகள் சொன்னார்கள். ஒருமுறை சபுரிலிருந்து திரும்பும்போது அவர் பம்ப் ஸ்டவ் ஒன்று கொண்டு வந்தாராம். அதன் இரைச்சலுக்கு அஞ்சி முதல்நாள் வீட்டுப் பெண்கள் முற்றத்துக்கு ஓடிவிட்டனராம். பின்னர் அம்மையார் சமைக்கும்போது அருகில் அமர்ந்து பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுவது அவர் வழக்கமாயிற்று. ‘எனக்குக் கேக்கலேன்னா அடுப்ப அமத்திட்டு, விட்ட இடத்திலேர்ந்து மறுபடி படிப்பாஹ’ என்றார்கள் அம்மையார். கொல்லையில் ரம்புட்டான் விதையை மூன்று முறை நட்டு மூன்று முறையும் கருகிப்போக, நான்காம் முறை பேசாமல் கறிவேப்பிலைக் கன்று ஒன்றை நட்டுவிட்டாராம்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்ட நாம், ‘இல்லறத்தை நல்லறமாக நடத்திய ஏந்தல்’ என்று ஒரு வரி எழுதி முடித்தோம். ஸ்டவ்வும் ரம்புட்டானும் மலருக்குப் பொருந்தா எனக் கருதினோம். மலர் வெளிவந்ததும் குடும்பத்தார் நன்றி சொன்னார்கள். அம்மையாரும் இப்பொழுது இல்லை. அவர்கள் சொன்னவற்றுள் மேலே எழுதியது போக மற்றவை நமக்கே மறந்துவிட்டன. அம்மையாரின் வாழ்க்கையைப் பற்றியோ நாம் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. அக்பரின் ஆணையில் நாம் கண்ட குற்றம் நம் கையிலும் ஒட்டியிருக்கிறது.

ஆகவே நம் வாசகக் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறது; குரலைப் பதிந்து வைக்க எழுத்தர் தேவையில்லை. ஆனால் எந்தக் கருவியும் கேள்வியைத் தானாகக் கேட்பதில்லை. ‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்று மூத்தோரிடம் கேட்டால், ‘நமக்கென்ன வாழ்க்கை, என்னத்தைச் சொல்ல’ என்றே விடை வரும். வீட்டுக்கு மின்விளக்கு வந்த முதல் இரவைக் கேளுங்கள். அயலூரிலிருந்து கணவர் குரல் ஒலிநாடாவில் வந்த நாளைக் கேளுங்கள். கிணற்றடியில் நின்ற மரம் எது, அதனை வெட்டியபோது அழுதது யார் என்று கேளுங்கள். நோன்புக் கஞ்சிக்கு அவர்கள் வீட்டில் மட்டும் சேர்த்தது எதனை என்று கேளுங்கள். அரபுத்தமிழில் அவர்கள் ஓதிய மாலை எது, அதனைக் கற்பித்தவர் யார் என்று கேளுங்கள். வரும் விடையை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிச் சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்து, ஒன்றுக்கு இரண்டு படியாய் வையுங்கள். ஒரே பிரதியை நம்புதல் ஆகாது என்பதைக் குல்பதனின் நூல் நமக்குக் கற்பித்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டனாரைப் பற்றி மட்டும் பாட்டியாரிடம் கேட்டுவிட்டு எழுந்து விடாதீர்கள். பாட்டியாரைப் பற்றியும் பாட்டியாரிடமே கேளுங்கள்.